தோளில் நீளமாக எது இருந்தாலும்

எங்கள் அலுவலகத்தில் நடக்கிற வேலைக்கு மேலிடத்தில் வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. எங்களுக்கு அது கட்டம் போடுகிற வேலை. திரையில் ஒரு படம் வரும். ட்ரோன் உயரத்திலிருந்து எடுத்த படம். சாம்பல் நிறத்தில் தெரு, மொட்டைமாடி, வாய்க்கால், இடையே ஆட்கள். ஒவ்வோர் ஆளைச் சுற்றியும் மவுஸால் கட்டம் போட வேண்டும். போட்டவுடன் பக்கத்தில் மூன்று பொத்தான்கள் வரும்: ஆயுதம் உள்ளவர், ஆயுதம் இல்லாதவர், தெரியவில்லை. ஒன்றை அழுத்தினால் அடுத்த படம். நாங்கள் இப்படி அழுத்த அழுத்த, யார் ஆபத்தானவர், யார் அப்பாவி என்று பிரித்துப் பார்க்க அந்த ஏ.ஐ. கற்றுக்கொள்ளும் என்றார்கள்.

சண்டை தொடங்கி ஊரில் பாதிக் கடைகள் இழுத்து மூடிக்கிடந்த நேரம் அது. ஏசி அறையில் உட்கார்ந்தபடி செய்கிற வேலையை யார் வேண்டாம் என்பார்கள்? அதுவும் என்னைப் போல, கட்டியவனோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அன்று வாசலில் நின்ற என்னிடம் ஒரு கேள்வி கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தது அண்ணிதான். அண்ணன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வாயாடி வந்துட்டா, இனிமே வீட்ல ரேடியோ தேவையில்ல" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் அதைக் கிளறவில்லை.

அண்ணி அந்த அலுவலகத்தில் எனக்கு முன்பே சேர்ந்துவிட்டாள். என்னையும் சேர்த்துவிட்டவள் அவள்தான். "சொந்தம்னு மட்டும் சொல்லிடாதே, எடுக்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பினாள். நேர்காணலில் கேட்டார்கள். "இங்க எனக்கு யாரையும் தெரியாதுங்க" என்று முகத்தைப் பச்சைக் குழந்தைபோல் வைத்துக்கொண்டு சொன்னேன். அவளுக்குக் கீழ்மாடி, எனக்கு மேல்மாடி. சாப்பாட்டு நேரம் வேறு வேறு. கைப்பேசியை வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அலுவலகத்துக்கு ஒரே பேருந்தில் போவோம். இறங்கியதும் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சொந்தம் கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. ஒரே படம் இரண்டு பேருக்குப் போகும், மேல்மாடியில் ஒருவர், கீழ்மாடியில் ஒருவர். அவர்கள்தான் ஜோடி. யாருக்கு யார் ஜோடி என்று யாருக்கும் தெரியாது. இருவரும் ஒரே பொத்தானை அழுத்தியிருந்தால் படம் நேராக மெஷினுக்குப் போய்விடும். வேறு வேறாக அழுத்தியிருந்தால் நடுவரிடம் போகும். நடுவர் என்பவர் எப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும் ஓர் இளைஞர். அவரிடம் போனால் இரண்டு பேருக்கும் பொருத்த மதிப்பெண் குறையும். கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பார்த்திருந்தால் நான் பெட்டியைத் தூக்கியிருக்க வேண்டியதில்லை.

என் மதிப்பெண் குறைந்துகொண்டே போனது. தெரியவில்லை என்று கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் உடனே தளத்து மேற்பார்வையாளர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். "கண்ணுல ஏதாவது கோளாறா? டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று அக்கறையாகக் கேட்பார். அந்த அக்கறையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் யாரோ முகம் தெரியாத அந்த ஜோடியைத் தினமும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒருநாள் சாயங்காலம் சமையலறையில் அண்ணி பாத்திரம் தேய்க்க, நான் அலசிக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் சொன்னேன்.

"இன்னைக்கு ஒரு படம் அண்ணி. மொட்டைமாடியில எவனோ சோபா போட்டு வச்சிருக்கான். மழை வந்தா என்ன ஆகும்னு ஒரு அறிவு வேணாம்?"

அண்ணியின் கை நின்றது. "கீழ தெருவுல ஒருத்தன் தோள்ல என்னமோ வச்சிட்டுப் போவானே, அந்தப் படமா?"

"ஆமா. நீங்க என்ன போட்டீங்க?"

"இல்லாதவர்னு போட்டேன். குழாய் மாதிரி தெரிஞ்சுது."

"நான் உள்ளவர்னு போட்டேன். அட கடவுளே! அப்ப இத்தனை நாளா என் மார்க்கைக் கெடுத்தது நீங்கதானா?"

"நீதான்டி என் மார்க்கைக் கெடுத்திருக்கே!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டு கண்ணும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று மாடியைப் பிரித்தார்கள், சாப்பாட்டு நேரத்தைப் பிரித்தார்கள், கைப்பேசியைப் பூட்டினார்கள். அந்த இரண்டு கண்ணும் ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவும் என்று எவனும் யோசிக்கவில்லை.

அந்தத் தொட்டியருகில்தான் சட்டம் போட்டோம். போட்டது நான். சிலநாள் எனக்கு வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

"இனிமே தோள்ல நீளமா எது இருந்தாலும் ஆயுதம். கையில கீழ தொங்கினா ஆயுதம் இல்ல. ரெண்டு பேரும் யோசிக்கவே வேணாம். சரியா?"

"குழாயா இருந்தா?"

"குழாயா இருந்தா, ட்ரோன் ஓட்டறவரு பார்த்துட்டு, வேணாம் விட்டுடுன்னு சொல்லிடுவாரு. அவருக்கு எதுக்குச் சம்பளம்? நாம என்ன துப்பாக்கியா பிடிச்சிருக்கோம் அண்ணி?"

பயிற்சியின்போது அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். மெஷின் காட்டும், மனிதர் முடிவெடுப்பார். அண்ணி கொஞ்சநேரம் ஒரு கரண்டியையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "சரி" என்றாள்.

மதிப்பெண் ஏறியது ஏறியதுதான். மேற்பார்வையாளர் என் பக்கமே வருவதில்லை. நடுவர் என்னை மாடிப்படியில் பார்த்து, "உங்களாலதான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு" என்று சிரித்தார். அண்ணியைக் கீழ்மாடிக்கு மேற்பார்வையாளர் ஆக்கலாம் என்று பேச்சு அடிபட்டது. எனக்குள் ஒன்று மாறிப்போனது அப்போது தெரியவில்லை. முன்பெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன், அது கம்பா, குடையா, குழாயா என்று. இப்போது நீளமாக ஒன்று தெரிந்ததும் விரல் போய்விடும். அது என்ன என்று கண் கேட்பதையே விட்டுவிட்டது.

ஒருநாள் இரண்டு மாடிக்காரர்களையும் ஒன்றாகக் கூட்டினார்கள். அண்ணியும் நானும் ஒரே கூடத்தில், அறிமுகமில்லாதவர்கள்போல் ஆளுக்கொரு தூணோரம் நின்றோம். மேலாளர் பேசினாள். மேடம் என்று கூப்பிடக்கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவள் கட்டளை. கட்டளை போட்டு வரவழைத்த அக்கா.

"உங்க உழைப்பு வீண் போகலை. எதிரி அங்க ரேடியோ அலையை அடைச்சிடறான். ட்ரோன் கொஞ்ச தூரம் போனதும் நம்ம ஆளோட தொடர்பு அறுந்துடுது. அப்புறம் அது சும்மா சுத்திட்டுத் திரும்பி வருது. இனிமே அப்படி இல்ல. புது வெர்ஷன் ஏத்தியாச்சு. தொடர்பு அறுந்தா அதுவே பார்த்து அதுவே முடிவெடுக்கும்."

எல்லோரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்: "நடுவுல ஆளு யாரும் பார்க்க மாட்டாங்களா அக்கா?"

"ஆளுதான் ஏற்கெனவே பார்த்தாச்சே! ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பேரு தனித்தனியாப் பார்த்திருக்கீங்க. ஒருத்தர் தப்பு பண்ணலாம். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேரு ஒரே தப்பை எப்படிப் பண்ணுவாங்க?"

மறுபடி கைதட்டல். நானும் தட்டினேன், தட்டாமல் நின்றால் தெரிந்துவிடும் என்று. தூணோரம் அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. 

வீட்டுக்கு வந்தால் அண்ணன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மின்வாரியத்தில் லைன்மேன். வெளியூர் வேலை வந்தால்தான் அந்த ஷூ வெளியே வரும்.

"எங்கங்க?" என்றாள் அண்ணி.

"சண்டை நடக்குதுல்ல, அதுக்குப் பக்கத்துல. தண்ணி மோட்டாருக்குப் போற லைன் குண்டு விழுந்து அறுந்து கிடக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் வண்டி போகாது. கம்பைத் தோள்ல போட்டுட்டு நடையா நடக்க வேண்டியதுதான்."

கம்பு என்றால் மின்சாரம் பாயாத நீளக் கம்பு. ஆளைவிட இரண்டு மடங்கு இருக்கும். அதன் முனையில் கொக்கி மாட்டித்தான் மின்சாரம் ஓடுகிற கம்பியைத் தள்ளுவார்கள். லைன்மேன்கள் வரிசையாக அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தை நான் எத்தனை முறை போட்டிருப்பேன்!

சமையலறையில் அண்ணி குழாயைத் திறந்துவிட்டாள், சத்தம் வெளியே கேட்காமலிருக்க.

"நம்ம மெஷின் நம்ம ஆளைச் சுடுமா?" என்று என்னைக் கேட்டாள். பதில் சொல்லு, பொய்யாவது சொல்லு என்கிற மாதிரி கேட்டாள்.

"அதுக்கு நம்ம ஆளு, அவங்க ஆளுன்னு தெரியாது அண்ணி. தோளும் கம்பும்தான் தெரியும். நாம அவ்வளவுதானே சொல்லிக்கொடுத்தோம்."

"அவரை லீவு போடச் சொல்லலாம்."

சொல்லிப் பார்த்தாள். உடம்பு சரியில்லை, துணைக்கு ஆள் வேண்டும், என்னென்னவோ சொன்னாள். "நான் போகலைன்னா என் இடத்துல வேற ஒருத்தன் போவான், அவ்வளவுதானே?" என்று அவன் ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டே சொன்னான். சாதாரணமாகச் சொன்னான். அண்ணி என்னைப் பார்க்காமல் உள்ளே வந்துவிட்டாள்.

"நீ போய் மேலாளர்கிட்ட சொல்லு. ஆனா என் பேரை இழுக்காதே. நான் உன்னைச் சேர்த்துவிட்டவ. பிடிச்சா ரெண்டு பேரையும் உள்ள வைப்பாங்க."

"உங்க பேரு வராது அண்ணி. என்னை நம்புங்க."

மறுநாள் காலை மேலாளர் அக்காவின் அறைக்குப் போனேன். மேசையில் சின்னத் தொட்டியில் பிளாஸ்டிக் செடி. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். தோளில் நீளமாக எதையாவது வைத்திருக்கிற படங்களை எல்லாம் திரும்பப் பார்க்க வேண்டும், நான் நிறைய தப்பாகப் போட்டிருக்கிறேன் என்றேன்.

அவள் சிரித்தாள். "நல்ல மனசு உனக்கு. ஆனா நீ தப்பாப் போட்டா உன் ஜோடி சரியாப் போட்டிருப்பாங்க. பொருந்தாம நடுவர்கிட்ட போயிருக்கும். அதுக்குத்தானே ரெண்டு பேரு? வீணா மனசைப் போட்டுக் குழப்பிக்காதே."

"ஜோடியும் தப்பாத்தான் போட்டாங்க அக்கா."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை!   எழுந்து போய்விடலாம். போனால் அண்ணியின் பெயர் தப்பும், அண்ணன் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போவான்.

"அவங்க என் அண்ணி" என்றேன்.

மீதியையும் சொன்னேன். தொட்டி, சட்டம், அதைப் போட்டது நான் என்பது, எல்லாம். மேலாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சிரிப்பு போயிருந்தது. அவளைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, முதல்தடவையாக அவள் பயந்த ஒரு மனுஷியாகத் தெரிந்தாள்.

"எத்தனை படம்?"

"தெரியாது அக்கா. வந்ததெல்லாம்."

"இது ஏற்கெனவே ஏத்தியாச்சு. இப்ப நான் மேல போய் இப்படின்னு சொன்னா, உங்க ரெண்டு பேரோட போகாது. இந்தக் கட்டடத்தையே இழுத்து மூடிடுவாங்க. கீழ எத்தனை குடும்பம் இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"என் அண்ணன் அங்க போறான் அக்கா. லைன்மேன். தோள்ல கம்போட போறான்."

அவள் பிளாஸ்டிக் செடியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "இராணுவத்துல எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் இருக்காரு. காரணம் சொல்லாம ஒரு ஆர்டர் போட வைக்கிறேன். நம்ம பக்கத்து ஆளுங்க யாரும் நீளமான சாமானைத் தோள்ல தூக்கக்கூடாதுன்னு. உன் அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. நீ போய் உன் சீட்டுல உட்காரு."

வேலையை விட்டுத் துரத்துவாள், போலீஸைக் கூப்பிடுவாள் என்று நினைத்து உள்ளே போனவள் நான். துரத்தியிருந்தால்கூட ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்திருக்கும். போய்ச் சீட்டில் உட்கார்ந்தேன். அடுத்த படம் வந்தது.

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். "சொல்லிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டினாள்.  

இரண்டாம் நாள் ஆர்டர் வந்துவிட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

"கேட்டீங்களா கதையை? இனிமே கம்பைத் தோள்ல வைக்கக்கூடாதாம். கையில இறக்கிப் பிடிச்சிட்டுத்தான் போகணுமாம், இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். எவனோ ஏசி ரூம்ல உட்கார்ந்துகிட்டு, வேலை வெட்டி இல்லாம யோசிச்சிருக்கான். தோள்வலிக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டான் போல!"

தரை துடைக்கிற கட்டையை எடுத்து ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அண்ணியிடம் கொடுத்தான். கூடத்தில் இரண்டு பேரும் அதை முழங்கால் உயரத்தில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "பாரு, பொணம் தூக்கற மாதிரி இருக்குல்ல?" என்றான். அண்ணி சிரித்தாள். கண் நிறையச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் அண்ணன் பிழைத்துக்கொண்டான், அந்த சந்தோஷத்தை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

சிரிக்கும்போதே இன்னொரு நினைப்பும் வந்தது. மோட்டார் இருக்கிற இடத்தில் ஆட்கள் இருப்பார்கள். வயலுக்குப் போகிறவர்கள், வீட்டைப் பழுதுபார்க்கிறவர்கள். அவர்களுக்கு ஆர்டர் போடுவது யார்? அண்ணனிடம் சொல்லலாம்: அங்க பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லு, யாரும் எதையும் தோள்ல தூக்கவேணாம்னு சொல்லு. சொன்னால் அவன் ஏன் என்று கேட்பான். நினைப்பை அப்படியே விழுங்கினேன். அண்ணிக்கும் அது வந்திருக்க வேண்டும். கட்டையின் முனையைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் ஒன்றுமில்லாதபோதே அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவன் போனான். அந்த நாட்களில் நான் எப்படிக் கட்டம் போட்டேன் என்று கேட்காதீர்கள். தோளில் நீளமாக ஒன்று வந்தபோதெல்லாம் தெரியவில்லை, தெரியவில்லை என்று அழுத்தினேன். கீழ்மாடியில் அண்ணியும் அதையேதான் அழுத்தியிருக்கிறாள். பேசிவைத்துக்கொள்ளவில்லை. மேற்பார்வையாளர் வந்து பின்னால் நின்றார். "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்றார். மேலே ஏற்றியது ஏற்றியதுதான். இனிமேல் நாங்கள் எதை அழுத்தினாலும் அங்கே பறக்கிறது இதைக் கேட்கப் போவதில்லை.

அண்ணன் ஒரு மத்தியானம் திரும்பி வந்தான். அன்று எங்களுக்கு விடுமுறை. கதவைத் திறந்ததும் அவனைப் பார்த்து அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள், அவ்வளவு நிம்மதி. அவன் ஷூவைக் கழற்றாமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஷூவோடு வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை.

"தண்ணி கொண்டுவரவா?" என்றேன்.

"வேணாம்."

அவனாகவே பேசினான்.

"ட்ரோன் எங்க தலைக்கு மேல வந்து நின்னுச்சு. நாங்க கம்பைக் கையில இறக்கிப் பிடிச்சிட்டு அப்படியே நின்னோம். கொஞ்சநேரம் பார்த்துச்சு. போயிடுச்சு. அப்பகூடச் சிரிச்சோம், கேலி பண்ணினோம். அங்க மோட்டார் பார்த்துக்கிற ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுஷன். எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, இவரும் வீட்டம்மாவும் மட்டும் இருக்காங்க, மோட்டாரை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு. எங்களுக்கு ரெண்டு நாளும் குடிக்கத் தண்ணி அவருதான் கொண்டாந்து கொடுத்தாரு. லைன் முடியற நேரம். உயரம் எட்டலை. ஏணி ஏதாவது இருக்குமாண்ணேன்னு கேட்டேன். வீட்ல இருக்கு தம்பி, இதோ எடுத்துட்டு வர்றேன்னு போனாரு."

அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கையைக்கூட ஆட்டினாரு. திரும்ப வந்துச்சு அது. நேரா அவருகிட்ட."  உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "நான் கேட்காம இருந்திருந்தா அவரு வீட்டுக்குள்ள இருந்திருப்பாரு. எங்களுக்கு ஆர்டர் இருந்துச்சு. தோள்ல தூக்காதீங்கண்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிண்டல்னு நினைச்சேன். கிண்டல் பண்ணிட்டே இருந்துட்டேன். நான்தான் கொன்னேன் அவரை."

என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பா போனபோதுகூட அவன் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது ஷூ போட்ட காலை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதான்.

இப்படியே விட்டுவிடலாம். இதையும் சொல்கிறேன், அந்த நினைப்பும் எனக்கு வந்தது. அவன் கொஞ்சநாள் அழுவான், பிறகு ஆறிவிடுவான், ஏணி கேட்டது ஒரு குற்றமா என்று நாலு பேர் சொல்லித் தேற்றுவார்கள். வீடு வீடாக இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

திறந்தது அண்ணிதான். "நீங்க இல்லைங்க" என்றாள். "நாங்க."

அவன் நிமிர்ந்தான். அண்ணி சொன்னாள். பொருத்தம், மதிப்பெண், தொட்டி, சட்டம். யார் அதைப் போட்டது என்று மட்டும் சொல்லவில்லை. நாங்க, நாங்க என்றே சொன்னாள். பூசி மெழுகாமல், எங்கேயும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

"சட்டம் போட்டது நான்" என்றேன். "அண்ணி வேணாம்னுதான் பார்த்தாங்க."

"சரின்னேன்ல" என்றாள் அண்ணி.

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அப்ப அந்த ஆர்டர்?"

"நான்தான் போய்ச் சொன்னேன். உனக்காகத்தான் அண்ணா."

"எனக்காக." அவன் குரல் இப்போது உயரவில்லை. "அப்ப நான் கிளம்பும்போதே உங்க ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. இந்தக் கூடத்துல கட்டையைத் தூக்கிட்டு நடந்தேனே, அப்பவே தெரிஞ்சிருக்கு. அங்க இருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுன்னு எனக்குச் சொல்லலை."

"சொன்னா ஏன்னு கேட்டிருப்பே."

"கேட்டிருப்பேன்" என்றான்.

அதற்கு மேல் அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், எனக்குத்தான் வாய் இருக்கிறதே. அவன் எழுந்தான்.

"நாளைக்கு அவரோட வீட்டம்மாவைப் பார்க்கப் போறேன். அவங்களை இங்க பக்கத்துல ஒரு பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காங்க. எப்படி ஆச்சுன்னு யாரும் அவங்ககிட்ட சொல்லலை. எதிரி சுட்டான்னு சொல்லி வச்சிருக்காங்க."

"நாங்களும் வர்றோம்" என்றாள் அண்ணி.

"வாங்க. நீங்களே சொல்லுங்க. எனக்கு இந்தக் கட்டம், ஜோடி, பொருத்தம் எல்லாம் எடுத்துச் சொல்ல வராது. அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

ஷூவைக் கழற்றி வாசலில் வைக்கப் போனான். நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அம்மா, உங்க வீட்டுக்காரரு தோள்ல, என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தை வரவில்லை. வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். அதுவும் அங்கேயே வந்து நின்றது. தரையில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தேன். அவளும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.